வால்வு ஆம்ப்பும் ஸ்பீக்கரும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

என் முதல் வால்வு ஆம்ப் (டிரான்ஸிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கருவி), 300பி வால்வு போட்ட சிங்கிள் எண்டட் வகை, அதாவது பக்கத்துக்கு ஒரே அவுட்புட் வால்வு முழு அலையையும் சுமப்பது. பக்கத்துக்கு 8 வாட். ஏற்கெனவே வீட்டில் இருந்த சிறிய ஸ்பீக்கர் ஜோடியை அதில் மாட்டினேன். ஒற்றைக் குரல் பாடினால் ஆள் எதிரே நிற்பது போலிருக்கும். டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்தால் போதும், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும். வால்வில்தான் கோளாறு என்று நினைத்து வால்வை மாற்றினேன். பிறகு கேபிளை மாற்றினேன். எட்டு மாதம் கழித்து, தூசி துடைக்க ஆம்ப்பைத் திருப்பியபோதுதான் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்பீக்கரின் முதுகில் 4 ஓம் என்று எழுதியிருக்கிறது, வயரோ 8 ஓம் முனையில் இருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, வயரை ஒரு விரல்கடை தள்ளி 4 ஓம் முனையில் மாட்டினேன். பாதிக் குழைவு அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்பதும் கீழே வருகிறது.

அதற்குப் பிறகு நண்பர்கள் வீடுகளில் பல ஜோடிகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "வால்வு போய்விட்டது போலிருக்கிறது" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வால்வு நன்றாகத்தான் இருக்கும். அதன் தலையில் ஏற்றி வைத்த சுமை தப்பாக இருக்கும்.

வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வால்வின் சுற்றுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓர் உதாரணம்: 5000 ஓம் சுமையை எதிர்பார்க்கும் வால்வுக்காக, 8 ஓம் முனை வைத்த டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பக்கச் சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1. இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது) அந்த விகிதத்தின் வர்க்கமாக மாறும், அதாவது 625 மடங்கு. 8-ஐ 625-ஆல் பெருக்கினால் 5000. அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு காண்பது 2500 ஓம்தான். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ, அங்கெல்லாம் வால்வின் வேலையும் மாறுகிறது. கீழே சொல்லும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

## கை வைப்பதற்கு முன்

வால்வு ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை சாதாரணமாக இருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை மூடியைத் திறக்காமலே செய்யக்கூடியவை. திறந்துதான் ஆக வேண்டும் என்ற இடம் வந்தால், உயர் வோல்ட்டேஜில் பழக்கமில்லாதவர்கள் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓட்டவே கூடாது. டிரான்ஸிஸ்டர் ஆம்ப் பயப்படுவது ஷார்ட்டுக்கு; வால்வு ஆம்ப் பயப்படுவது சுமை இல்லாமல் போவதற்கு. சுமை இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கத்தில் வோல்ட்டேஜ் தாறுமாறாக ஏறி, உள்ளே பொறி பறந்து, சுற்றின் காப்பு கருகிவிடும். ஆகவே அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, வயரை மாற்றி, இழுத்துப் பார்த்து, அப்புறம் போடுங்கள்.

மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஸ்பீக்கரின் உண்மையான சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் வரும் என்ற எண்), அதன் இம்பிடன்ஸ் மிகக் கீழே இறங்கும் இடம், ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்ப் தனக்குள்ளேயே வைத்திருக்கும் எதிர்ப்பு).

முதல் எண்ணில் "உண்மையான" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஸ்பீக்கர்களின் தாளில் "2.83 வோல்ட்டுக்கு 87 டெசிபல்" என்று போட்டிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். அப்படியானால் 4 ஓம் ஸ்பீக்கரின் 87, ஒரு வாட்டுக்கு 84 டெசிபல்தான். நிறைய கரண்ட் கொடுக்கும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை. 8 வாட் ஆம்ப்புக்கு 3 டெசிபல் என்பது பாதி உயிர்.

## அறிகுறி: தனிக் குரல் அருமை, வாத்தியங்கள் கூடினால் நெரிகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வால்வு ஆம்ப் தன் எல்லையைத் தொடும்போது டிரான்ஸிஸ்டர் ஆம்ப் போலச் சட்டென்று கத்தாது. அலையின் உச்சியை மெதுவாக அமுக்கும். அதனால் "எல்லை தாண்டிவிட்டோம்" என்றே தெரியாது. ஸ்நேர் டிரம்மின் அடி மழுங்கும், பியானோவின் உரத்த ஸ்வரத்தில் தொடக்கத் தட்டு காணாமல் போகும், எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பது போலத் தட்டையாகும். இன்னும் தள்ளினால், பலமான அடிக்குப் பின் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஒலி மூச்சு முட்டி மீள்வது கேட்கும். வால்வின் கிரிட் (சிக்னலை வாங்கும் கம்பி வலை) கரண்ட் இழுத்து, அதற்குச் சிக்னலைக் கடத்தும் இணைப்புக் கப்பாசிட்டர் சார்ஜாகி, வடிய நேரமெடுப்பதால் வருவது அது.

காதை நம்பி வாதாட வேண்டாம், அளந்துவிடலாம். மைனஸ் 20 டெசிபலில் பதிந்த 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்பதில் உரத்த பகுதியைப் போட்டு வால்யூமை வையுங்கள். அந்தக் குமிழைத் தொடாமல் சோதனை ஒலிக்கு மாறுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள். பதிவின் உச்சம் வந்தால் ஆம்ப் தர வேண்டிய வோல்ட்டேஜ் அது. (100 ஹெர்ட்ஸ் ஏனென்றால், சாதாரண மீட்டர்கள் மெயின்ஸ் அதிர்வெண்ணை ஒட்டியுள்ள ஒலிகளைத்தான் சரியாகப் படிக்கும்.)

மீட்டர் 0.6 வோல்ட் காட்டினால் உச்சத்துக்கு 6 வோல்ட். வர்க்கம் 36, அதை 8 ஓமால் வகுத்தால் 4.5 வாட். 8 வாட் ஆம்ப் தாராளமாகத் தாங்கும். 1.2 வோல்ட் காட்டினால் 12 வோல்ட், 18 வாட். அந்த ஆம்ப்பால் ஆகாது. என் ஆம்ப்பில் 8 ஓம் முனையிலிருந்து 4 ஓமுக்கு மாற்றிய பிறகும் குழைவு மிச்சமிருந்ததற்கு விடை இந்த அளவில்தான் கிடைத்தது. அந்த ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 84 டெசிபல். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அறையைப் பொறுத்துச் சுமார் 6 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 கூடும்: 81. எட்டு வாட் என்பது 9 டெசிபல் கூடுதல், ஆக உச்சம் 90. இசையின் உச்சங்கள் சராசரியைவிட 10 முதல் 20 டெசிபல் வரை எழும். நடுவாக 15 என்று வைத்தால் சராசரி 75-ஐத் தாண்ட முடியாது. மெல்லிய பாட்டுக்குப் போதும், முழு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போதாது.

இந்த இடத்தில் "பெரிய ஆம்ப் வாங்கலாமா" என்று மனம் போகும். 8 வாட்டிலிருந்து 16 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல்தான். அதே 8 வாட்டை 96 டெசிபல் ஸ்பீக்கரில் போட்டால், 84 டெசிபல் ஸ்பீக்கரில் 128 வாட் போட்ட உரம் வரும். சின்ன வால்வு ஆம்ப்பை உண்மையிலேயே விரும்புகிறவர்கள் ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2ஏ3 சிங்கிள் எண்டட் என்றால் சுமார் 3.5 வாட், அதற்கு 95-க்குக் கீழே போகாதீர்கள். 300பி-க்கு 92 இருந்தால் சராசரி அறையில் நிம்மதி. இஎல்84 புஷ்-புல் (இரண்டு அவுட்புட் வால்வுகள் அலையை மாறி மாறித் தள்ளி இழுப்பது) 12 முதல் 15 வாட் தரும், 88 முதல் 90 போதும். இஎல்34 அல்லது கேடி88 புஷ்-புல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

சின்னப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பசி என்று கேட்கலாம். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், பாஸ் ஆழமாக இறங்க வேண்டும், சென்சிடிவிட்டியும் வேண்டும்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், இயற்பியல் அப்படி. ஆரம்ப வால்வு காலத்தில் விட்டுக்கொடுத்தது அளவை. 1940-களில் பால் கிளிப்ஷ் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையையே ஹார்னின் பகுதியாக்கிக்கொண்டு, 100 டெசிபலைத் தாண்டிய சென்சிடிவிட்டி தந்தது. 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 வந்தது. மூடிய சிறு பெட்டியில் ஆழமான பாஸ். விலையாகக் கொடுத்தது சென்சிடிவிட்டியை. அன்றிலிருந்து வீட்டு ஸ்பீக்கர்கள் சிறுத்துக்கொண்டே வர, ஆம்ப்கள் பெருத்துக்கொண்டே போயின.

ஸ்பீக்கரை மாற்ற முடியாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அருகில் உட்காருவது. மூன்று மீட்டரை ஒன்றரை ஆக்கினால் சில டெசிபல் சும்மா கிடைக்கும். மற்றொன்று, ஆழ்ந்த பாஸை வால்வின் தலையிலிருந்து இறக்கிவிடுவது. தனி ஆம்ப் உள்ள சப்வூஃபரிடம் அதைக் கொடுத்துவிட்டு, வால்வு ஆம்ப்பின் இன்புட்டில் ஒரு சிறு கப்பாசிட்டரைத் தொடரில் போடலாம். இன்புட் இம்பிடன்ஸ் 100 கிலோ ஓம் என்றால் 0.022 மைக்ரோஃபாரட் போதும். சுமார் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆம்ப்புக்குள் போவது குறையத் தொடங்கும். சப்வூஃபருக்கான சிக்னலை அந்தக் கப்பாசிட்டருக்கு முன்னால் பிரிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அதே 8 வாட் ஆம்ப் வேறு ஆம்ப் போல மூச்சுவிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

## அறிகுறி: பாஸ் கூடுதல், ஆனால் பொதபொதவென்று இருக்கிறது

பேஸ் கிடாரின் ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கும், நிறுத்திய பிறகும் இழுத்துக்கொண்டு நிற்கும். அறையும் இதைச் செய்யும், ஆம்ப்பும் செய்யும். எது என்று முதலில் பிரியுங்கள். ஸ்பீக்கரை இடம் மாற்றாமல் ஏதாவதொரு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பை இரவல் வாங்கி மாட்டுங்கள். வீக்கம் அப்படியே இருந்தால் அறை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இழுத்து வைத்து அங்கேயே வேலையைத் தொடங்குங்கள். வீக்கம் வற்றினால், உங்கள் வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ்தான் காரணம்.

ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலின் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுத்துப் பிழையைக் குறைப்பது) இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்ப்பில் அது 2, 3 ஓம் வரை இருக்கும். 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரோ ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கி, வூஃபர் ரெசொனன்ஸில் (வூஃபர் தானாகவே அதிரும் அதிர்வெண்ணில்) 20 ஓமுக்கு ஏறுகிறது. 4 ஓம் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது வோல்ட்டேஜில் ஏழில் நாலு பங்கு. 20 ஓம் இருக்கும் இடத்தில் இருபத்துமூன்றில் இருபது பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 3.6 டெசிபல். அதாவது, யாரோ டோன் கன்ட்ரோலைத் திருகி வைத்தது போல. 0.1 ஓம் உள்ள டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் அதே வித்தியாசம் 0.2 டெசிபலுக்கும் கீழே. ஸ்பீக்கரை வடிவமைத்தவர் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆம்ப்பை மனத்தில் வைத்துத்தான் பெட்டியையும் போர்ட்டையும் (பெட்டியின் காற்றுத் துளை) அளந்திருப்பார். வூஃபரின் கூம்பைப் பிடித்து நிறுத்தும் மின் பிரேக்கும் இதனால் தளர்கிறது: காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் 6 ஓம், ஆம்ப் 3 ஓம் என்றால் பிரேக்கின் பிடி மூன்றில் இரண்டாகிவிடும்.

முதல் மருந்து கையிலேயே இருக்கிறது: ஒரு முனை கீழே இறங்குங்கள். 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டுங்கள். அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியாகும், மேலே சொன்ன 3.6 டெசிபல் 2.1 ஆகும். அதிகபட்ச வாட் குறையும். டிரையோடு வால்வுக்கு (300பி, 2ஏ3 போன்றவை) டிஸ்டார்ஷனும் குறையும். ஆம்ப்புக்கு எந்தக் கேடும் இல்லை. தாளில் எழுதியிருக்கும் எண்ணோடு முனையின் எண் பொருந்தியே ஆக வேண்டும் என்று பலர் கை வைக்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாரம் கேளுங்கள். நான் கேட்டவரையில், பத்தில் ஏழு ஜோடிகள் கீழ் முனையில்தான் நன்றாக இருந்தன.

அப்புறம் போர்ட் உள்ள பெட்டியானால், போர்ட்டில் தளர்வாகக் கொஞ்சம் ஸ்பாஞ்சைச் செருகிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மொத்தமாக அடைத்தால் உயிர் போய்விடும். ஆம்ப்பில் ஃபீட்பேக் ஸ்விட்ச் இருந்தால் அதையும் கூட்டிக் கேளுங்கள்.

ஸ்பீக்கர் கேபிளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஐந்து மீட்டருக்கு, போக வர சேர்த்து, 0.07 ஓம். ஆம்ப்பில் 3 ஓம் உட்கார்ந்திருக்கும்போது இந்த 0.07-இல் பணத்தைப் போடுவது வீண்.

ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் தாளில் இல்லையென்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 10 வாட் தாங்கும் 8 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் 8 ஓம் முனையில் மாட்டி, 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 2.00 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். அணைத்துவிட்டு இரண்டாவதையும் இணையாக மாட்டுங்கள், மொத்தம் 4 ஓம். வால்யூமைத் தொடாமல் மீண்டும் அளங்கள். 1.57 வோல்ட் வந்தது என்று வையுங்கள். வோல்ட்டேஜ் குறைந்தது 0.43. கரண்ட் 0.25 ஆம்பியரிலிருந்து 0.393 ஆம்பியருக்கு ஏறியிருக்கிறது, அதாவது 0.143 கூடியிருக்கிறது. 0.43-ஐ 0.143-ஆல் வகுத்தால் 3 ஓம். அரை மணி நேர வேலை இது, எத்தனை மாதத் தடுமாற்றத்தை மிச்சப்படுத்தும் தெரியுமா!

## அறிகுறி: குரல் முன்னால் தள்ளுகிறது, அல்லது ட்ரெபிள் மங்கல்

மேலே பாஸில் நடந்ததே இங்கே நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் நடக்கிறது. பல இருவழி ஸ்பீக்கர்களில், வூஃபரும் ட்வீட்டரும் பிரியும் கிராஸ்ஓவர் பகுதியில், 1 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில், இம்பிடன்ஸ் ஒரு குன்று போல எழும். வால்வு ஆம்ப் அந்தக் குன்றின் மேல் கூடுதல் வோல்ட்டேஜை ஊற்றும். குரல் முகத்துக்கு நேரே வரும். சிலருக்கு இது பிடிக்கும், "வால்வின் மாயம்" என்பார்கள். பிடிக்காதவர்கள் முதலில் கீழ் முனையை முயலலாம். ஸ்பீக்கரைத் திறக்கத் தயங்காதவர்கள் வூஃபருக்கு இணையாக, ஏறும் இம்பிடன்ஸைச் சமப்படுத்தும் ஸோபெல் சுற்று போடலாம்: காயில் 6 ஓம், 0.5 மில்லிஹென்றி என்றால் 7.5 ஓம் ரெசிஸ்டரும் சுமார் 9 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் தொடரில். ஆனால் கிராஸ்ஓவரில் ஏற்கெனவே அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் (காயிலும் கூம்பும் இல்லாமல் மெல்லிய படலத்தை மின்புலத்தால் அசைப்பது) என்றால் கதை தலைகீழ். அது மின் கணக்கில் ஒரு கப்பாசிட்டர். ட்ரெபிளில் இம்பிடன்ஸ் ஓரிரண்டு ஓம் வரை சரியும், அங்கே ஒலி மங்கும். இருந்தாலும் 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வால்வு காலத்துப் பிள்ளைதான். கேடி66 ஜோடி போட்ட, 15 வாட் குவாட் 2 ஆம்ப்போடு சேர்த்துக் கேட்கப்பட்டது. ஃபீட்பேக் உள்ள புஷ்-புல் ஆம்ப்பால் அந்தச் சரிவைச் சமாளிக்க முடியும், ஃபீட்பேக் இல்லாத சின்ன டிரையோடால் சிரமம்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம், பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர். சென்சிடிவிட்டி 82, 83 டெசிபல்தான்; எண்ணை மட்டும் பார்த்தால் வால்வு ஆம்ப் பக்கமே போகக் கூடாது. ஆனால் பழைய வகை 15 ஓம் இம்பிடன்ஸ் கொண்டது. கரண்ட் குறைவாகக் கேட்கும். சிறிய அறையில், அருகில் அமர்ந்து, 15 வாட் புஷ்-புல் ஆம்ப்பில் குரலைக் கேட்கும் பலர் அதை விட்டுப் பிரிய மறுக்கிறார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குப் புரியும்.

## அறிகுறி: பாட்டு ஓடாதபோது உறுமல் கேட்கிறது

ஸ்பீக்கரை மாற்றிய அன்றே ஹம் புதிதாகக் கேட்கிறதா? ஆம்ப் கெட்டுவிடவில்லை, ஸ்பீக்கர் காட்டிக்கொடுக்கிறது. 8 ஓமில் 1 மில்லிவோல்ட் ஹம் என்பது ஒரு வாட்டுக்கு 69 டெசிபல் கீழே. 84 டெசிபல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 15 டெசிபல், யாருக்கும் கேட்காது. 100 டெசிபல் ஹார்னில் 31. இரவில் அமைதியான அறையில் காதில் விழும்.

எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க, ஆம்ப்பை அணைத்து இன்புட் கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக் (இன்புட்டின் இரு முனைகளையும் ஒன்றாக இணைப்பது) செருகி மீண்டும் போடுங்கள். ஹம் போய்விட்டால் அது வெளியிலிருந்து வருவது, பெரும்பாலும் எர்த் லூப் (கருவிகளின் எர்த் வழிகள் ஒரு வளையமாகிவிடுவது). எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள், ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற "தீர்வை" யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே 400 வோல்ட் இருக்கும் இரும்புப் பெட்டி அது, உயிர் போகும்.

ஹம் போகவில்லையென்றால் அதன் குரலைக் கவனியுங்கள். வழவழப்பான ஆழ்ந்த ஒலியானால் மெயின்ஸ் அதிர்வெண், அதாவது வால்வின் ஹீட்டர் பக்கம். 300பி, 2ஏ3 போன்ற நேரடியாகச் சூடாகும் வால்வுகளில் ஹம் சரிசெய்யும் திருகு இருக்கும். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, எண் மிகக் கீழே வரும்வரை மெதுவாகத் திருகுங்கள். கொஞ்சம் முரடான, கரகரப்புக் கலந்த ஒலியானால் அதன் இரட்டிப்பு அதிர்வெண், பவர் சப்ளை பக்கம். வடிகட்டும் கப்பாசிட்டர் கிழடாகியிருக்கலாம். புஷ்-புல் ஆம்ப்பில் அதற்கு முன்னால் பயஸை (பாட்டு இல்லாதபோது வால்வு இழுக்கும் கரண்டை நிர்ணயிக்கும் அமைப்பு) பாருங்கள்: இரு வால்வுகளும் சமமாக இழுக்கும்வரை சப்ளையின் அலை தானே கழிந்துபோகும், சமம் கெட்டால் கேட்கத் தொடங்கும்.

டிரான்ஸ்ஃபார்மரே மேஜைமேல் முனகுகிறதென்றால் இது எதுவும் பொருந்தாது. அது இயந்திர அதிர்வு. அடியில் ரப்பர் வையுங்கள்.

## அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மெல்லிசு, அல்லது கரகரப்பு

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி, வேறு குறுக்குவழி தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அணைத்து, ஒரே ஒரு பொருளை மட்டும் இடம் வலம் மாற்றுங்கள். முதலில் ஸ்பீக்கர் வயர்கள், பிறகு இன்புட் கேபிள்கள், பிறகு சின்ன வால்வுகள், கடைசியாக அவுட்புட் வால்வுகள். எதை மாற்றும்போது கோளாறு பக்கம் மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். வால்வை ஆறவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஆட்டி ஆட்டிப் பிடுங்காமல் நேராக இழுங்கள். அவுட்புட் வால்வுகளை மாற்றினால் பயஸை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

விட்டுவிட்டு வரும் கரகரப்புக்கு வால்வு பின்களில் படிந்த அழுக்கே போதும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, வால்வை நாலைந்து முறை செருகி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தது போல ஒலித்தால் அந்த வால்வு அதிர்வைப் பிடிக்கிறது. ஆம்ப்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

## அறிகுறி: வால்வுக்குள் தகடு சிவக்கிறது

படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்ப்பை அணையுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடியில் படரும் நீல ஒளியும் இயல்பு. வெளியே சாம்பல் நிறத்தில் தெரியும் பிளேட் தகடு மங்கலாகச் சிவக்கத் தொடங்கினால்தான் ஆபத்து. வால்வு தாங்க முடியாத கரண்டை இழுக்கிறது.

சிவந்த வால்வை அடுத்ததோடு இடம் மாற்றிப் போட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டிலேயே நின்றால் பயஸ் வரவில்லை, அல்லது இணைப்புக் கப்பாசிட்டர் கசிகிறது. உடனே அணைத்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஆரம்பத்தில் நன்றாகப் பாடி, அரை மணி கழித்து ஒலி கெட்டு, தகடு சிவக்கிறதென்றால் பெரும்பாலும் இந்தக் கப்பாசிட்டர்தான். சூடேறச் சூடேறக் கசிவு கூடும்.

எல்லாத் தகடுகளும் உரத்த பகுதியில் மட்டும் லேசாகச் சிவந்தால், ஸ்பீக்கரைப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை ஒன்றாக மாட்டி, 8 ஓம் முனையில் 2 ஓம் சுமையை ஏற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு 8 ஓம் ஜோடி என்றால் 4 ஓம் முனை. இரண்டு 4 ஓம் ஜோடியை இணையாக மாட்டவே வேண்டாம்.

பயஸ் அளக்க வெளியே துளை வைத்த ஆம்ப் என்றால் கணக்கு எளிது. கேத்தோடில் 10 ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் 0.4 வோல்ட்: 40 மில்லிஆம்பியர். பிளேட்டில் 430 வோல்ட் என்றால் வால்வு விழுங்குவது 17 வாட். இஎல்34-இன் பிளேட் தாங்குவது 25 வாட், அதில் எழுபது விழுக்காடு. நீண்ட நாள் ஓடும். ரெசிஸ்டரின் மதிப்பை ஆம்ப்பின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் 10 ஓம் இருக்காது.

## அறிகுறி: வால்யூம் கொஞ்சம் திருகியதுமே அலறுகிறது

கெயின் (ஆம்ப் பெருக்கும் அளவு) கூடுதல், அவ்வளவுதான். டிஜிட்டல் கருவிகள் 2 வோல்ட் தரும். பழைய பாணி ஆம்ப்புக்கு அரை வோல்ட்டிலேயே முழு வாட் வந்துவிடும். அதிக சென்சிடிவிட்டி ஸ்பீக்கரில் இது இன்னும் தொந்தரவு. இன்புட்டில் 10 டெசிபல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் செருகுங்கள், குமிழுக்கு இடம் கிடைக்கும், முன்கருவிகளின் இரைச்சலும் கூடவே இறங்கும்.

## அறிகுறி: ஒரு பக்கம் அடியோடு மௌனம்

ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழன்றிருந்தால், எவ்வளவு நேரம் அப்படிப் பாட்டு ஓடியது என்பதுதான் கேள்வி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஆம்ப்பின் முனைகளில் மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் முனைக்கும் பொது முனைக்கும் இடையே ஓர் ஓமுக்குக் கீழே வரும், நன்றாக இருக்கும் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வேறுபட்டால் டிரான்ஸ்ஃபார்மர் அடிபட்டிருக்கிறது. சமமாக இருந்தாலும் வால்வுப் பக்கச் சுற்றை உள்ளே திறந்துதான் பார்க்க முடியும், அது பழகியவர் வேலை. ஸ்பீக்கர் மாற்றும் செலக்டர் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள், மாறும் இடைவெளியில் சுமை அறுபடுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆம்ப் பழுதாகித் திரும்பி வரும்போது, பழுது பார்ப்பவரிடம் இன்னொரு வேலையும் சொல்லுங்கள்: ஒவ்வொரு பக்கமும் 8 ஓம் முனைக்கும் பொது முனைக்கும் நடுவே 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சாலிடர் செய்யச் சொல்லுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு இணையாக இருக்கும்போது அது இருப்பதே காதுக்குத் தெரியாது. அடுத்த முறை வயர் கழன்றால், ஆள் கவனித்து அணைக்கும்வரை டிரான்ஸ்ஃபார்மர் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.